வீல் ஆஃப் டைம் தொடர் மூன்று சீசனோடு நின்றுவிட்டது: இப்போதாவது நிதானமாகப் பேசலாமா?

வடக்குக்காற்று:

ராபர்ட் ஜோர்டனின் கற்பனை நாவல் வரிசையிலிருந்து எடுத்த இந்தத் தொடரின் முதல் மூன்று எபிசோடுகள் 2021 நவம்பர் 19 அன்று சேர்ந்து வெளிவந்தன. 2025 மே மாதம் நான்காம் சீசன் கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. இடையில் மூன்று சீசன், 24 எபிசோட். ஒவ்வொரு வாரமும் எபிசோட் முடிந்த சூட்டோடு இங்கே வந்து அடித்துக்கொண்டோம். "அடுத்த சீசனில் சரியாகிவிடும்" என்று ஓர் அணி, "எப்படியும் தேறாது" என்று இன்னோர் அணி. இனி அடுத்த சீசன் என்ற பேச்சே இல்லை. இருப்பதை வைத்துக் கணக்குத் தீர்க்கலாம் என்றுதான் இந்த இழை.

என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படுத்தியது மாற்றங்கள் அல்ல, எட்டு எபிசோட் என்ற அளவு. 1990இல் தொடங்கி 2013இல் முடிந்த 14 நாவல்கள், 40 லட்சம் சொற்களுக்கும் மேலே. முதல் நாவல் மட்டுமே எண்ணூறு பக்கத்தை நெருங்கும். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தன் முதல் புத்தகத்துக்கு 10 எபிசோட் எடுத்துக்கொண்டது. அது பெரும்பாலும் கோட்டைக்குள் உட்கார்ந்து பேசும் கதை. ராபர்ட் ஜோர்டனின் முதல் புத்தகமோ நடக்கிற கதை. ஒரு கிராமத்து இளைஞர்கள் ஊரை விட்டு ஓடுகிறார்கள், மூன்றாகப் பிரிகிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ரேண்ட் புல்லாங்குழல் வாசித்தும் மேட் பந்துகளை வீசிப் பிடித்து வித்தை காட்டியும் சத்திரம் சத்திரமாகச் சோற்றுக்கு வழி தேடுகிற பகுதி இருக்கிறதே, முதல் தடவை படிக்கும்போது "கதை எப்போது நகரும்" என்று எரிச்சல் வரும். ஆனால் பிறகு மேட் தான் எடுத்துவந்த சாபக் கத்தியின் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறும்போது நமக்குப் பயம் வருவது அந்த வைக்கோல் போர்களில் அவர்களோடு நாமும் படுத்திருந்ததால்தான். தொடரில் அதெல்லாம் சுருங்கிவிட்டது. கேம்லின் நகரமே கிடையாது, நேராக மந்திரப் பெண்களின் நகரமான டார் வாலோன். நண்பர்கள் என்று சொல்கிறார்கள், நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் கணக்கு என்ன?

முத்திரைமோதிரம்:

நேரம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். நேரம் இல்லாதவர்கள் ஐந்தாம் எபிசோடில் பாதியை ஸ்டெபின் என்ற காவலரின் துக்கத்துக்குச் செலவழிப்பார்களா? அவர் புத்தகத்தில் பொருட்படுத்தத்தக்க ஆளே இல்லை.

எனக்குப் பிரச்சினை வேறு. டிராகன் என்ற பழைய மாவீரனின் மறுபிறவி ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று முதல் எபிசோடிலேயே சொன்னார்களே, அங்கேயே அடித்தளம் விரிசல் விட்டது. இந்த உலகத்தில் ஒரே சக்திக்கு இரண்டு பாதி. பெண்கள் தொடும் சைடார் சுத்தமாக இருக்கிறது. ஆண்கள் தொடும் சைடின் கறைபட்டது, அதைத் தொடுகிற ஆண் இன்று இல்லாவிட்டாலும் என்றாவது பைத்தியமாவான், பக்கத்தில் இருப்பவர்களைக் கொல்வான். உலகத்தைக் காப்பாற்ற வருகிறவன் அப்படிப்பட்ட ஓர் ஆண் என்பதுதான் தீர்க்கதரிசனத்தின் கொடுமை. அவன் வந்தாலும் அழிவு, வராவிட்டாலும் அழிவு. அது பெண்ணாகவும் இருக்கலாம் என்றால் யாருக்கும் பயப்படக் காரணமே இல்லையே. நல்லது நடக்கப்போகிறது, வரவேற்பு வளைவு கட்டுங்கள் என்று போய்விடலாம்.

அப்புறம் முதல் சீசன் கடைசி. டார்வின் கணவாய்ப் போரில் ட்ராலக் என்ற அரக்கர் படையை அழிப்பது புத்தகத்தில் ரேண்ட். தொடரில் ஐந்து பெண்கள் கைகோத்து அழிக்கிறார்கள், அதில் ரேண்டின் ஊர்ப் பெண்கள் எக்வேனும் நைனீவும் ஒருநாள்கூட முறையான பயிற்சி பெறாதவர்கள். நைனீவ் எரிந்து கருகிவிடுகிறாள், அடுத்த நிமிடம் எக்வேன் தொட்டதும் எழுந்து உட்காருகிறாள். விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு விலையும் இருக்க வேண்டும்.

நள்ளிரவுவாசகி:

மோதிரம் சார், மூன்றாவது பத்தியை அப்படியே ஏற்கிறேன். நைனீவ் விஷயத்தில் நானும் டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஆனால் முதல் இரண்டுக்கும் பதில் உண்டு.

புத்தகத்தில் முன்னுரையைத் தாண்டிய உடனே ரேண்டின் தலைக்குள் உட்கார்ந்துவிடுகிறோம். முதல் அத்தியாயத்திலிருந்தே அவன்தான் நாயகன் என்று தெரியும், ஜோர்டன் அதை மறைக்கப் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. திரையில் தலைக்குள் போக முடியாது. ஐந்து பேரை வெளியிலிருந்து பார்க்கிறோம். "இவர்களில் யார்" என்று கேள்வி வைத்தால் ஐந்து பேரையும் கவனிப்போம். அதற்காகச் செய்த மாற்றம் அது. கொடுத்த விலை பெரிது என்று நீங்கள் சொல்லலாம், சரி. காரணமே இல்லாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஸ்டெபினைப் பற்றி: ஏஸ் செடாய், அதாவது சக்தியைக் கையாளும் பெண், இறந்தால் அவளோடு பிணைக்கப்பட்ட காவலர் என்ன ஆவார் என்பதைப் புத்தகம் பல பாகங்களில் சிறிது சிறிதாகச் சொல்கிறது. தொடர் அதை ஒரே ஆளின் சாவில் காட்டிவிட்டது. அந்தச் சடங்கில் மொய்ரெய்ன் என்ற ஏஸ் செடாயின் காவலர் லான் மார்பில் அறைந்துகொண்டு ஓலமிடுகிறாரே, அதுவரை வாயே திறக்காத மனிதர். இரண்டாம் சீசனில் மொய்ரெய்ன் அவரை விலக்கிவைக்கும்போது நமக்குக் கலக்கமாக இருந்தது அந்த எபிசோடின் புண்ணியத்தில்தான். வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம்மட்டும்:

நான் புத்தகம் படிக்காதவன். உள்ளே வரலாமா?

ஏழாம் எபிசோட் வரை எக்வேன்தான் டிராகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டு எனக்குப் பிடித்தது. மோதிரம் சொல்கிற பயம் எனக்கு வந்ததா என்று யோசித்தால், நான்காம் எபிசோடில் வந்தது. தன்னையே டிராகன் என்று சொல்லிக்கொள்ளும் லோகெய்ன் தனியாக நிற்கும்போது அவனைச் சுற்றி நிழல்கள் காதில் கிசுகிசுக்குமே, அங்கே. ஆண்களுக்கு இந்தச் சக்தி என்ன செய்யும் என்று யாரும் விளக்காமலே புரிந்தது. பிறகு அதே எபிசோடில் நைனீவ் ஒரே வெடிப்பில் எல்லோரையும் குணப்படுத்தினாள். அப்போது எனக்கு மெய்சிலிர்த்தது. இப்போது நீங்கள் சொன்ன பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்: சக்தியென்றால் அவனுக்குச் சாபம், அவளுக்கு வரம். அப்படியானால் டிராகன் யார் என்பது வெறும் புதிர் இல்லைதான்.

நெறியாளர்:

படிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. திரையில் வந்ததுவரை தாராளமாகப் பேசுங்கள். திரைக்கு வராத பாகங்களைப் பற்றி எழுதினால் மேலே "ஸ்பாய்லர்" என்று போட்டுவிட்டு எழுதவும். மோதிரம், உங்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

கத்தரிப்பான்:

தொழிலால் படத்தொகுப்பாளன். எனவே திரைக்கதைச் சண்டையை விட்டுவிட்டு வேறொன்று.

முதல் சீசன் படப்பிடிப்பு 2019 செப்டம்பரில் பிராக் நகரை மையமாக வைத்துத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. மறுபடி தொடங்கியபோது மேட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் திரும்பி வரவில்லை. அதுவரை ஆறு எபிசோடுகளில் அவர் இருக்கிறார், கடைசி இரண்டில் இல்லை. ஆகவே அந்த இரண்டையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஆறாம் எபிசோட் முடிவில் மற்ற எல்லோரும் வழிவாசல் என்ற மந்திரக் கதவுக்குள் போக, மேட் மட்டும் வெளியிலேயே நின்றுவிடுவான் அல்லவா? அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். அவன் ஏன் நிற்கிறான் என்பதற்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. இருந்த காட்சித்துண்டுகளை வைத்து ஒட்டியது என்று எனக்குப் படுகிறது. ஒரு முகம், ஒரு வாசல், மற்றவர்களின் பதற்றம், வெட்டு. தொழிலில் இருப்பவனாக அதை ரசித்தேன், ரசிகனாக வயிறு எரிந்தது.

கடைசி எபிசோடில் கோட்டை ஏன் வெறிச்சென்று இருக்கிறது, போர்க்களத்தில் ஏன் ஆட்களே இல்லை என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டில் பாதிப் பதில் இருக்கிறது. தொடரை நடத்திய ரேஃப் ஜட்கின்ஸைத் திட்டுங்கள், ஷோரன்னர் என்றால் திட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி இரண்டு எபிசோடுகளை முதல் ஆறோடு ஒரே தராசில் நிறுக்காதீர்கள்.

முத்திரைமோதிரம்:

சரி, மேட் விஷயம் விதி. பெரினின் மனைவியைக் கொன்றதும் கொரோனாவா?

பழையஓநாய்:

வந்துட்டேன். யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பெரின் யார்? உடம்பால் பெரியவன். சின்ன வயதிலேயே தன் பலம் மற்றவர்களுக்கு வலி தரும் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்கிறவன், மெதுவாக யோசிக்கிறவன். ஊரே அவனை மந்தபுத்தி என்று நினைக்கும். அவன் ஓநாய்களோடு பேசத் தொடங்குவதும், ஹாப்பர் என்ற ஓநாய் கண்ணெதிரே கொல்லப்பட்டதும் கோடரியை எடுத்து ஏஸ் செடாய்களை வேட்டையாடும் வெள்ளங்கிக்காரர்கள் இரண்டு பேரை வெட்டிச் சாய்ப்பதும், "நான் இதை விரும்பிச் செய்தேனா" என்று அடுத்த எத்தனையோ பாகங்கள் தன்னையே விசாரித்துக்கொள்வதும்தான் அவன் கதை. கோடரியா சுத்தியலா என்று அவன் கையில் மாறி மாறி நிற்கும் கேள்வி அங்கிருந்து வருகிறது.

தொடர் என்ன செய்தது? முதல் எபிசோடிலேயே லைலா என்று ஒரு மனைவி, அவளிடம் நாலு வரி வசனம், ட்ராலக் சண்டையின் நடுவே தவறுதலாக அவன் கோடரியாலேயே அவள் சாவு. இனி அவனுக்குக் கேள்வி கிடையாது, துக்கம் மட்டும்தான். பாவம் பெரினாக நடித்த மார்கஸ் ரதர்ஃபோர்ட், முதல் சீசன் முழுக்க ஒரே முகபாவத்தோடு நடக்க வைத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் சீசனில் ஹாப்பரையும் கொன்று, அதற்குப் பதிலாக வெள்ளங்கிக்காரரான மூத்த போர்ன்ஹால்டை அவன் கொன்று... ஆக ஒரே குற்றவுணர்ச்சியை இரண்டு முறை வாங்கிக்கொண்டான். கடைசி மூன்று பாகங்களை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சனே இந்த மனைவி விஷயத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்தான். அவர் பேச்சே எடுபடவில்லை என்றால் நம் பேச்சு எம்மாத்திரம்.

மூன்றாம் சீசனில் பெரினின் சொந்த ஊரான டூ ரிவர்ஸில் நடக்கும் போர் எபிசோட் அருமை. மறுக்கவில்லை. அதற்கு அந்த மனைவி தேவைப்படவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நள்ளிரவுவாசகி:

ஓநாய் அண்ணே, லைலா விஷயத்தில் இந்த இழையில் உங்களை எதிர்க்க ஒருத்தரும் வர மாட்டார்கள்.

நான் வேறு பக்கம் திருப்புகிறேன். புத்தகத்தைவிடத் தொடர் மேலாகச் செய்த இடம் ஒன்று உண்டு என்று சொன்னால் என்னை இங்கிருந்து துரத்துவீர்களா? இரண்டாம் சீசன் ஆறாம் எபிசோட். எக்வேன் கடல் கடந்து வந்த ஷான்ச்சன் படையிடம் சிக்கிக் கழுத்துப்பட்டை மாட்டப்பட்டு டமானே என்ற அடிமை ஆகிற கதை.

புத்தகத்தில் அவள் பிடிபடுவதைப் பார்க்கிறோம். பிறகு மின் என்ற தோழி அவளைப் பார்க்கப் போகும்போது, நடந்ததையெல்லாம் எக்வேன் வாயால் கேட்கிறோம். தன்னைப் பழக்குகிற ரென்னாவை அடிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்ததால் அந்தத் தண்ணீர்க் கூஜாவைத் தொடக்கூட முடியாமல் போனது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வாள். வரி சின்னது, விஷயம் பயங்கரம். பட்டை போட்டவள் எந்தப் பொருளை ஆயுதமாக நினைக்கிறாளோ அந்தப் பொருளை அவள் கையால் எடுக்க முடியாது. தப்பிக்கும் எண்ணமே தப்பிக்க விடாது.

தொடர் அந்த ஒரு வரியை எடுத்து எபிசோடாக விரித்தது. கூஜா, குவளை, ஒரு சின்ன அறை, இரண்டு பெண்கள். "தண்ணீரை ஊற்று" என்கிறாள் ரென்னா, திட்டுவதில்லை, குரலை உயர்த்துவதுகூட இல்லை, நாய்க்குட்டியைப் பழக்குகிறவளின் பொறுமை. எக்வேனாக வந்த மேடலின் மேடன் அழுது, மறுத்து, கடைசியில் ஊற்றிவிடுகிறாள். ஊற்ற முடிந்தது என்றால் அதன் பொருள் என்ன? அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டாள் என்பது. பெரிய மந்திரக் காட்சி எதுவும் அதன் பக்கத்தில் வராது. மோதிரம் சார், இங்கே விதி இருக்கிறது, விலையும் இருக்கிறது. நீங்கள் கேட்டது இதுதானே?

முத்திரைமோதிரம்:

இதுதான். அந்த எபிசோடுக்கு நான் தலைவணங்குகிறேன். சீசன் முடிவில் ரென்னாவின் கழுத்திலேயே பட்டையை மாட்டித் தன்னைத் தானே அவள் விடுவித்துக்கொள்வதும் சரியென்றே படுகிறது. புத்தகத்தில் மற்றவர்கள் வந்து மீட்பார்கள். இங்கே மாற்றம் இருக்கிறது, ஆனால் பட்டை எப்படி வேலை செய்யும் என்ற விதியை வைத்தே மாற்றினார்கள்.

அந்தக் கடைசி எபிசோடிலேயே பத்து நிமிடம் கழித்து, பயிற்சி முடியாத அதே பெண் வில்லன் இஷமேலின் தாக்குதலையே தடுத்து நிற்கிறாள். அங்கே மறுபடி நான் நொந்துபோனேன். புத்தகத்தில் ஃபால்மே நகரத்து வானத்தில் ரேண்ட் தனியாகப் போரிடுகிறான், ஊரே அண்ணாந்து பார்க்கிறது. டிராகன் வந்துவிட்டான் என்று உலகத்துக்குத் தெரிவது அப்படித்தான்.

வடக்குக்காற்று:

ரூயிடியன் எபிசோடைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பது ஆச்சரியம். மூன்றாம் சீசன் நான்காம் எபிசோட். நான் பார்த்த கற்பனைத் தொடர்களிலேயே மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அதுதான் என்று சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

படிக்காத நண்பருக்காகக் கொஞ்சம் விளக்கம். ஏயல்கள் பாலைவனத்துப் போர்வீரர்கள். ஈட்டி இல்லாமல் அவர்களை நினைத்துப் பார்க்க முடியாது. அவர்களின் தலைவனாக விரும்புகிறவன் ரூயிடியன் என்ற நகரத்தில் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே நடந்து தன் முன்னோர்களின் கண்ணால் பழைய காலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் காலம் பின்னால் போகிறது. அப்பா, தாத்தா, அவருக்கும் முன்னால், இன்னும் முன்னால். ஒவ்வொரு தலைமுறைக்குப் போகும்போதும் கையில் ஓர் ஆயுதம் குறைகிறது. கடைசியில் தெரிவது: இந்தப் போர்வீரர்களின் மூதாதையர் யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். அதைத் தாங்க முடியாமல் பலர் உள்ளேயே செத்துப்போகிறார்கள். ஜோர்டன் வியட்நாம் போரில் இரண்டு முறை பணிக்காலம் முடித்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு நான்காம் நாவலில் அந்த இரண்டு அத்தியாயங்களைப் படித்தால் கை நடுங்கும்.

தொடரில் அந்த முன்னோர்கள் அத்தனை பேராகவும் ரேண்டாக வரும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே நடித்தார். வேறு முகம், வேறு வயது, வேறு நடை. முதல் சீசனில் நாடோடிகள் வந்து பெரினிடம் இலையின் வழி என்று அகிம்சை பேசியபோது "இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா" என்று இங்கே கேலி செய்தோமே, அந்தக் கடன் இங்கே வட்டியோடு திரும்பி வந்தது. ஏயல்களும் அந்த நாடோடிகளும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவர்கள். இதை வசனத்தில் சொல்லாமல் பார்க்க வைத்தார்கள். இன்னொரு பக்கம் மொய்ரெய்ன் வளையங்களுக்குள் போய்த் தன் எதிர்காலங்களைப் பார்க்கிறாள், வில்லி லேன்ஃபியரிடம் செத்துச் செத்து. அவன் பின்னால் போக, அவள் முன்னால் போக, எபிசோட் முழுக்க அவ்வளவுதான்.

கத்தரிப்பான்:

அந்த வெட்டுகளைப் பற்றி நான் தனி இழையே போட்டிருக்கிறேன், இங்கே வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதுவும் எட்டு எபிசோட் சீசன்தானே? அதே ஷோரன்னர், அதே நேரக்கணக்கு. உங்கள் முதல் பதிவின் வாதம் இப்போது எங்கே நிற்கிறது?

வடக்குக்காற்று:

நல்ல கேள்வி. அந்த இடத்திலேயேதான் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். மூன்றாம் நாவலின் உச்சம் டியர் கற்கோட்டை. அங்கே ரேண்ட் காலண்டோர் வாளை எடுப்பதுதான் முடிவு. தொடர் அந்தக் கோட்டைப் பக்கம் போகவே இல்லை. ரேண்டை நேராகப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு நாவலின் க்ளைமாக்ஸையே விட்டுக்கொடுத்துக் கிடைத்த இடம் அது. சின்ன அளவில் இவ்வளவு பெரிய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அப்படி ஒன்றை முழுதாக வெட்டியெறிகிற துணிச்சல் வேண்டும். முதல் சீசனில் அந்தத் துணிச்சல் பாதிதான் இருந்தது. கேம்லினை விட்டார்கள் சரி, அந்த இடத்தைச் சேர்த்து ஒரே ஒரு உறவுக்குக் கொடுக்காமல் ஏழெட்டாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 10 எபிசோட் இருந்தால் இந்தத் தேர்வே வேண்டியிருக்காது. எட்டில் செய்யக் கற்றுக்கொள்ள இரண்டு சீசன் பிடித்தது. கற்றுக்கொண்டு நன்றாகச் செய்த உடனே கடையைச் சாத்திவிட்டார்கள்.

பழையஓநாய்:

இதற்கும் விலை உண்டு. டியரை விட்டதால் பெரினின் காதலி ஃபெய்ல் எப்படி வந்தாள், அவனோடு எப்படிப் பழகினாள் என்பதெல்லாம் போச்சு. நாலு காட்சிக்குள் காதல். புத்தகத்தில் அவர்கள் போடுகிற சண்டையே பாதி சுவாரசியம். (மீதிப் பாதி கொட்டாவி, அது வேறு கதை.)

படம்மட்டும்:

நிறுத்தியதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் சீசனை விமர்சகர்கள் கொண்டாடினார்களே.

கத்தரிப்பான்:

பாராட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் தொடர்பு குறைவு. முதல் சீசன் 2021 டிசம்பரில் முடிந்தது. இரண்டாவது 2023 செப்டம்பரில் வந்தது. மூன்றாவது 2025 மார்ச். முதலாவது முடிந்ததிலிருந்து மூன்றாவது தொடங்கும்வரை மூன்றேகால் வருடம். சாதாரணப் பார்வையாளர் இவ்வளவு பெயர்களை அத்தனை மாதம் நினைவில் வைத்திருக்க மாட்டார். முதல் சீசன் கடைசியில் மனம் விட்டவர்கள் மூன்றாவதைத் திறந்தே பார்க்கவில்லை. நல்ல சீசன் வந்த செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கற்பனை நாவல் வரிசைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கண்டம் உண்டு. ஷேடோ அண்ட் போன் இரண்டு சீசனோடு நின்றது. ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ் முழுதாக முடிந்தது, ஏனென்றால் மூன்று புத்தகம், மூன்று சீசன், ஆரம்பத்திலேயே கரை தெரிந்தது. 14 புத்தகத்துக்கு யார் கரையைக் காட்டுவது?

நள்ளிரவுவாசகி:

2015இல் வந்த அந்த அரைமணி நேரக் கூத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? விண்டர் டிராகன் என்று, முதல் நாவலின் முன்னுரையை மட்டும் எடுத்து, திரைப்பட உரிமைக் கெடு முடியும் தறுவாயில், ஆள் தூங்கும் நேரத்தில் ஓர் அமெரிக்கச் சேனலில் சத்தமில்லாமல் போட்டார்கள். பில்லி ஜேன் நடித்திருந்தார். ஜோர்டனின் மனைவியும் அவருடைய எடிட்டருமான ஹாரியட் மக்டூகல் தனக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது என்று அறிக்கையே விட்டார். அதைப் பார்த்தவள் நான். அதனாலோ என்னவோ மொய்ரெய்னாக வந்த ரோசமண்ட் பைக் முதல் எபிசோடில் நீல உடையில் அந்தச் சத்திரத்துக்குள் நுழைந்ததுமே எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் எபிசோடில் குதிரைமேல் போய்க்கொண்டே அழிந்துபோன பழைய நாடான மானெதெரனின் கதையைச் சொல்வாரே. புத்தகத்தில் அது ஆத்திரத்தோடு கூடி நிற்கும் ஊராரிடம் சொல்வது. இங்கே ஊரை விட்டு வந்த நாலு பிள்ளைகளிடம், அவர்கள் அர்த்தம் தெரியாமல் பாடிய பாட்டுக்குப் பதிலாக. ஃபிளாஷ்பேக் கிடையாது, கிராபிக்ஸ் கிடையாது, குரல் மட்டும். மாற்றம்தான், எனக்குப் பரம திருப்தி.

முத்திரைமோதிரம்:

அது நல்ல காட்சி. நான் எல்லாவற்றையும் திட்டுகிறவன் இல்லை. ஆனால் மூன்றாம் சீசன் முடிவில் செய்ததை மன்னிக்க முடியாது. பதவியைப் பிடிக்கும் எலைடா, ஏஸ் செடாய்களின் தலைவியான சுவான் சான்ச்சேயின் தலையை வெட்டிவிடுகிறாள்! சோஃபி ஒகொனெடோ போன்ற நடிகையை வைத்துக்கொண்டு! புத்தகத்தில் சுவானின் சக்தியைப் பிடுங்கிவிடுவார்கள், பதவி போகும், ஆனால் உயிரோடு தப்பிப்பாள். ஒன்றுமில்லாதவளாக ஆன பிறகு அவள் ஆடுகிற ஆட்டம்தான் அவள் கதையின் பெரும்பகுதியே.

நெறியாளர்:

மோதிரம். ஸ்பாய்லர் எச்சரிக்கை. மேலே சொன்னேனா இல்லையா?

முத்திரைமோதிரம்:

தொடரில் அவள் செத்தாயிற்று, இதில் என்ன ஸ்பாய்லர்?

படம்மட்டும்:

ஒரு நிமிடம். புத்தகத்தில் சுவான் சாகவில்லையா?

நெறியாளரே, தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். அந்தக் காட்சிக்குப் பிறகு நான் தொடரை அணைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தை மறுநாள்தான் பார்த்தேன். நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோதுகூட, "போகட்டும், அவளே இல்லை, இனி என்ன" என்று இருந்தேன். அவள் இருக்கிறாள் என்றால் நான் படிக்கத் தொடங்குகிறேன். எந்தப் பாகத்திலிருந்து? மூன்று சீசன் பார்த்ததால் ஐந்தாவதிலிருந்து எடுத்தால் போதுமா?

பழையஓநாய்:

ஐயோ, வேண்டாம். ஐந்தாவதில் தொடங்கினால் உங்களுக்குத் தெரிந்த பெரின் அங்கே இல்லை. அந்தப் புத்தகத்தில் அவன் கிட்டத்தட்ட வரவே மாட்டான்.

வடக்குக்காற்று:

ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். டியர் கற்கோட்டையைத் தொடர் தொடவே இல்லை, கேம்லின் இல்லை, இளவரசி எலெய்னை ரேண்ட் முதன்முதலில் சந்திக்கிற விதம் இல்லை (மதில் மேலிருந்து தோட்டத்துக்குள் விழுவான்). நடுவிலிருந்து எடுத்தால் பாதிப் பேர் பேசுவது புரியாது.

நள்ளிரவுவாசகி:

முதல் நாவலை ரோசமண்ட் பைக்கே வாசித்த ஒலிநூல் இருக்கிறது. உங்களுக்கு மொய்ரெய்னின் குரலிலேயே கதை கிடைக்கும். அதில் தொடங்குங்கள்.

முத்திரைமோதிரம்:

கேட்பதாக இருந்தாலும் அந்த முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தொடரில் முந்தைய டிராகனான லூஸ் தெரினை முதல் சீசனின் கடைசி எபிசோடுக்குத் தள்ளிவிட்டார்கள். புத்தகத்தில் அதுதான் முதல் காட்சி. மாளிகை இடிந்து கிடக்கிறது, ஒருவன் மனைவியைப் பேர் சொல்லித் தேடிக்கொண்டு திரிகிறான். யார் கொன்றது என்று தெரியும்போது ஆணுக்கு அந்தச் சக்தி என்ன செய்யும் என்ற கேள்வியை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

நெறியாளர்:

மோதிரம்!

படம்மட்டும்:

பரவாயில்லை, விடுங்கள். ஒலிநூலை எடுத்துவிட்டேன். 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று காட்டுகிறது. முதல் புத்தகம் மட்டுமா இவ்வளவு?

பழையஓநாய்:

முதல் புத்தகம் மட்டும். ஆறாவதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.